எழுத்துக்கு முந்தியது செவி

குழந்தை எழுத்தறிவு பெறுவதற்கு முன்னரே மொழியறிவு பெற்றுவிடுகிறது என்பதும், அம்மொழியறிவு செவியின் வழியே வந்து சேர்கிறது என்பதும் பலரும் அறிந்த உண்மைகள். ஆயினும் கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நாம் எழுத்தையே முதலாகக் கொள்கிறோம். ஏட்டில் பதிந்ததை மதிப்பிடுவது எளிது, செவியில் பதிந்ததை மதிப்பிடுவது அரிது என்பதனால், எளிதில் அளக்கக்கூடியதே கல்வி என்று கருதும் பழக்கம் பெற்றோரிடமும் பள்ளிகளிடமும் அரசுகளிடமும் ஒருசேர வேரூன்றிவிட்டது. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தைத் திருவள்ளுவர் வைத்திருப்பது காரணமின்றி அன்று. ஏட்டைத் தொடாதவனுக்கும் கேட்டறியும் வாயில் திறந்திருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் நெடுங்காலம் போற்றிவந்த கொள்கை.

இக்கால ஆய்வும் இக்கொள்கைக்குத் துணைநிற்கிறது. 1986ஆம் ஆண்டில் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர், வாசித்துப் பொருளுணரும் ஆற்றலை இரு கூறுகளின் பெருக்கமாக விளக்கினர். எழுத்தைக் கண்டு ஒலியாக்கும் திறன் ஒன்று. ஒலியைக் கேட்டுப் பொருள் காணும் திறன் மற்றொன்று. கூட்டல் என்னாது பெருக்கல் என்றதில்தான் அவர்கள் கருத்தின் வலிமை முழுவதும் இருக்கிறது. கூட்டலில் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். பெருக்கலிலோ, இரண்டில் ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமே. எழுத்துகளைப் பிழையின்றி ஒலிக்கக் கற்ற குழந்தை, அவ்வொலிகளால் அமைந்த சொற்றொடரைக் கேட்டுப் பொருளறிய மாட்டாதெனில், அது செய்வது வாசிப்பு அன்று, ஒலிப்பு மட்டுமே.

இதனை இப்போது நினைவூட்ட வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு, வாசிக்கும் உரிமை குறித்த தன் விசாரணை அறிக்கையை 2022 பெப்ரவரியில் வெளியிட்டது. படத்தையும் சூழலையும் கண்டு சொல்லை ஊகிக்கும்படி குழந்தைகளைப் பழக்கிவந்த முறை, வாசிப்பில் இடர்ப்படும் குழந்தைகளுக்கு அநீதி இழைத்தது என்று அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 2023 செப்டெம்பரில் புதிய மொழிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகவும் படிப்படியாகவும் கற்பிப்பது கட்டாயமாயிற்று. மழலையர் வகுப்பின் இரண்டாம் ஆண்டு முதல் இரண்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தொடக்க வாசிப்புச் சோதனைகளும் அறிமுகமாயின. இம்மாற்றத்தை நாம் குறைகூறவில்லை. ஊகத்தை வாசிப்பென்று நம்பவைத்த முறையால் தோற்றுப்போன பிள்ளைகளுள் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் பெற்றோரின் மொழியே தடை என்று காரணம் காட்டப்பட்டு, உரிய உதவி காலத்தில் கிடைக்காமற் போன வீடுகளை நாம் அறிவோம்.

ஆனால் பெருக்கலின் ஓர் உறுப்புக்குச் சோதனையும் அட்டவணையும் வந்துவிட்ட பிறகு, மற்ற உறுப்பின் கதி என்ன என்று வினவுவது நம் கடமை. 2006ஆம் ஆண்டின் பாடத்திட்டம் வாய்மொழித் தொடர்பாடலைத் தன் நான்கு பிரிவுகளுள் முதற்பிரிவாக வைத்திருந்தது. 2023இன் திட்டத்தில் அது மொழியின் அடிப்படைகள் என்னும் பிரிவுக்குள் ஒரு பகுதியாக அமைகிறது. இடம் மாறியது மட்டும் குற்றமாகாது. தாளில் எங்கே எழுதப்பட்டிருப்பினும், வகுப்பறையில் அதற்கு நேரம் ஒதுக்கப்படின் போதும். சோதனை உள்ள பாடத்துக்கு நேரம் தானே வந்து சேரும் என்பதும், சோதனை இல்லாத பாடம் பிறவற்றுக்கு நேரம் வழங்கும் வள்ளலாகிவிடும் என்பதும் பள்ளிகளை அறிந்தோர் கண்டுள்ள வழமை. ஆசிரியர் கதை சொல்லும் வேளையே இவ்வாறு முதலில் பறிபோகும் வேளை.

ஒஷாவாவை எண்ணியே இதனை எழுதுகிறோம். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில், மோட்டார் வண்டித் தொழிலால் வளர்ந்த நகரம் அது. 2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்வோர் 1,75,383 பேர். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த நம் மக்கள் முதலில் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் குடியமர்ந்து, பிள்ளைகள் பெருகவும் வீட்டு விலை ஏறவும் பிக்கரிங், ஏஜாக்ஸ், விற்பி எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். அந்நகர்வு இன்று ஒஷாவாவை எட்டியிருக்கிறது. ஸ்காபரோவில் தமிழ்ப் பிள்ளை ஒன்று தனித்து நிற்பது அரிது. வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருக்கும். தெருவில் தமிழ்க் கடை இருக்கும். ஒஷாவாவின் புதிய குடியிருப்புகளில் அந்தச் சூழல் இன்னும் அடர்ந்துவிடவில்லை. நான்கு வயதில் முழுநாள் மழலையர் வகுப்புக்குள் நுழையும் குழந்தை, வீட்டில் தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்திருந்தால், காலை முதல் பிற்பகல் வரை தன்னைச் சூழும் ஆங்கில ஒலிவெள்ளத்தில் தானே வழிகண்டாக வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஆங்கிலம் கற்போர் எனில் அண்மையில் விமானத்திலிருந்து இறங்கியோர் மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். ஒன்ராறியோவின் 2007ஆம் ஆண்டுக் கொள்கை ஆவணம், கனடாவிலேயே பிறந்து வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைகளையும் ஆங்கிலம் கற்போராகவே கொள்கிறது. இங்கே பிறந்தமையாலேயே இங்குள்ள மொழி கைவந்துவிடும் என்று இருந்துவிடும் பெற்றோரும், பெயரையும் பிறந்த இடத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துசெல்லும் பள்ளியும் இக்கொள்கையை மீண்டும் ஒருமுறை நோக்குதல் நலம்.

அக்குழந்தையின் செவி எதிர்கொள்ளும் இடர் எத்தகையது என்பதைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கும். மறுப்பும் இறுதியிலேயே வரும். வரவில்லை, செய்யாதே, கூடாது என்று வாக்கியம் முடியும் இடத்தில் செவியைக் கூர்மையாக்கிப் பழகிய குழந்தை இது. ஆங்கிலத்தில் வினை நடுவில் வந்துவிடுகிறது. மறுப்போ அதனினும் முன்னே, துணைவினையோடு ஒட்டி, பேச்சு விரைவில் பாதி விழுங்கப்பட்ட ஓரொலியாய்க் கழிந்துபோகிறது. கதவைத் திறவாதே என்று ஆசிரியர் சொன்னது, திற என்றே குழந்தையின் காதில் விழுந்திருக்கக் கூடும். சொல்லின் முதலில் வரும் பகரத்தை வல்லொலியாகவே கேட்டுப் பழகிய காது, ஆங்கிலத்தில் அதன் மெல்லிய வடிவமும் வல்லிய வடிவமும் இரு வேறு சொற்களை ஆக்கும் என்பதை உடனே பிரித்தறியாது. வீட்டில் ஒலித்தறியாத உரசொலிகளும், மெய்யும் மெய்யும் உயிரின் துணையின்றி நெருங்கி நிற்கும் சொற்களும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இவ்வாறு செவி தடுமாறும் குழந்தையைச் சொல் கேளாத பிள்ளை என்று குறித்துவைப்பது எளிது. எளிது என்பதே அதன் கொடுமை.

பல குழந்தைகள் இக்காலத்தில் வாய்திறவாமல் இருப்பர். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கும் இந்நிலையை மொழியாசிரியர்கள் நன்கறிவர். காதில் குறையுண்டா என்பதை மருத்துவரிடம் ஐயமறத் தெளிந்துகொண்டபின், அம்மௌனத்தை மதித்து, அதற்கு வேண்டிய உணவை அளிப்பதே முறை. வாய் பேசாத அக்காலத்தில் செவி ஓய்ந்திருப்பதில்லை. அச்செவிக்கு நாம் அளிப்பது யாது என்பதே இத்தலையங்கத்தின் வினா. கதை என்பது நம் விடை.

கதையை ஏன் இத்துணை உயர்த்துகிறோம்? கட்டளை ஒருமுறை ஒலித்து மறைகிறது. கதையோ திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று கரடிகளின் கதையில் கஞ்சியும் நாற்காலியும் கட்டிலும் மாறினாலும் வாக்கியத்தின் அமைப்பு மாறுவதில்லை. மூன்றாம் முறை வரும்போது குழந்தையின் செவி அவ்வாக்கியத்தை முன்கூட்டியே எதிர்நோக்கி நிற்கிறது. அவ்வாறு எதிர்நோக்கி நிற்பதே கேட்டல் திறனின் உயிர்நிலை. சொல்வோரின் முகமும் கையும் குரலின் ஏற்ற இறக்கமும் சொல்லுக்குப் பொருள் தருகின்றன. அடுத்து என்ன நேரும் என்னும் ஆவல், விளங்காத சொற்களைத் தாண்டியும் குழந்தையைக் கதையோடு கட்டி நிறுத்துகிறது. வினாத்தாளுக்கு இவ்வாற்றல் இல்லை. அட்டையில் எழுதிய சொற்பட்டியலுக்கும் இல்லை.

ஆய்வாளர் இதனை அளந்தும் பார்த்திருக்கின்றனர். நியூசிலாந்தின் வார்விக் எல்லி 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே கதை ஒரு வார அளவில் மும்முறை வாசிக்கப்பட்டது; ஆசிரியர் எவ்விளக்கமும் தராதபோதே, சோதித்த புதுச் சொற்களில் நூற்றுக்கு 15 என்னும் அளவில் அறிவு வளர்ந்தது. எட்டு வயதுப் பிள்ளைகளிடம் நடந்த அடுத்த சோதனையில், வாசிக்கும்போதே ஆசிரியர் அரிய சொற்களைச் சுருங்க விளக்கியபோது அவ்வளவு 40ஐ எட்டியது. தொடக்கத்தில் சொல்வளம் குறைந்திருந்த பிள்ளைகளும் ஏனையோருக்கு நிகராகவே பயன்பெற்றனர் என்பது நமக்கு முதன்மையான செய்தி. அவர் ஆராய்ந்தது ஆங்கிலச் சூழலில் வளர்ந்த பிள்ளைகளை என்று ஒருவர் தடை எழுப்பலாம். அதற்கும் விடை உண்டு. எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் 1983இல் வெளியிட்ட பிஜித்தீவு ஆய்வு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற சிற்றூர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. வகுப்புக்கு 250 கதைநூல்கள் வழங்கப்பட்டு, கதைகளில் திளைத்த பிள்ளைகள், வாசிப்பிலும் கேட்டுணர்தலிலும் வழக்கமான வேகத்தைப் போல் இரு மடங்கு முன்னேறினர். கரும்புத் தோட்டங்களுக்கென்று நம் முன்னோரும் கப்பலேற்றிச் செல்லப்பட்ட தீவு அது என்பதை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை.

வாசித்துக் காட்டுவது வேறு, நூலின்றி வாய்மொழியாகச் சொல்வது வேறு. ரெபெக்கா இஸ்பெல்லும் அவருடைய துணைவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 12 வாரங்களில் ஒரே 24 கதைகளைக் கேட்டனர். ஒரு குழுவுக்கு அவை வாசிக்கப்பட்டன, மற்றதற்குச் சொல்லப்பட்டன. இரு குழுக்களின் மொழியும் வளர்ந்தது. எனினும் கதையின் நிகழ்வுகளையும் மாந்தரையும் நினைவிற்கொண்டு திரும்பச் சொல்வதில், சொல்லக் கேட்ட குழுவே மேம்பட்டு நின்றது. சிறு ஆய்வு அது. 38 குழந்தைகளை வைத்து உலகுக்கெல்லாம் சட்டம் இயற்ற இயலாது. ஆயினும் அது காட்டும் திசை நமக்கு அயலானது அன்று.

ஏனெனில் நம் மரபே அத்திசையில் நடந்து வந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நடைபெறும் முறையை அறிந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். ஒருவர் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் உடனிருந்து பயன் சொல்வார், அதாவது பொருள் விளக்குவார். கேட்டிருப்போருள் எழுத்தறியாதாரும் இருப்பர், சிறுவரும் இருப்பர். கந்தபுராணம் பாடிய கச்சியப்பரின் செந்தமிழ் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பயன் சொல்பவரோ அதனை அவரவர் கைக்கு எட்டும்படி இறக்கித் தந்தார். ஆண்டுதோறும் அதே கதை, அதே செய்யுள், அதே விளக்கம். அவ்வாறு கேட்டுக் கேட்டே உயர்தமிழின் சொல்லும் தொடரும் எழுத்தறியாத செவிகளிலும் குடிகொண்டன. எல்லி 15 என்றும் 40 என்றும் எண்ணிட்டுக் காட்டிய வேறுபாடு, பயன் சொல்பவர் இல்லாத படனத்துக்கும் உள்ள படனத்துக்கும் இடையே உள்ள வேறுபாடே. நம் திண்ணைகளில் கதை சொன்ன பாட்டியர், பிள்ளைகள் ஊம் கொட்டினாலன்றிக் கதையைத் தொடர மறுத்ததும் இவ்வகைப்பட்டதே. கேட்போரின் செவி விழித்திருக்கிறதா என்று அறிய அதனினும் எளிய சோதனையை எக்கல்வித் துறையும் இன்றுவரை வகுத்ததாகத் தெரியவில்லை.

வேற்றுமொழி கற்கவும் கதையே கருவியாயிற்று என்பதற்கு நம் மொழி வரலாற்றிலேயே சான்று உண்டு. அச்சான்று இன்றைய நிலையைத் தலைகீழாக நிறுத்திக் காட்டுகிறது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குருவின் கதை, தமிழ் பயிலும் ஐரோப்பியருக்குப் பயிற்சிநூலாக விளங்கியது. பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் இலண்டனில் அது அச்சேறியது. கிழக்கிந்தியக் கும்பினி அலுவலருக்குத் தென்மொழிகளைக் கற்பிக்கவென 1812இல் சென்னையில் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த தாண்டவராய முதலியார், பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் தந்தார். 1826இல் அந்நூல் வெளிவந்தது. ஆள வந்த ஆங்கிலேயன் நம் மொழியைக் கற்கக் கதையைத் துணைக்கொண்டான். அவன் மொழியைக் கற்கும் நம் குழந்தைக்கு மட்டும் நிரப்புத் தாள்களையும் சொற்பட்டியல்களையும் நீட்டுவது எவ்வகை நியாயம்?

ரொறன்ரோ மாநகருக்கும் இதில் மரபுச் செல்வம் உண்டு. 1912இல் ரொறன்ரோ பொது நூலகத்தில் பணியேற்ற லில்லியன் ஸ்மித், குழந்தைகளுக்குக் கதை சொல்வதை நூலகப் பணியின் நடுநாயகமாக்கினார். 1922இல் குழந்தைகளுக்கென்றே தனி நூலக இல்லம் அங்கே திறக்கப்பட்டது. 1978இல் டான் யாஷின்ஸ்கி தொடங்கிவைத்த ஆயிரத்தொரு வெள்ளிக்கிழமை இரவுகள் என்னும் கதைக்கூடல், வளர்ந்தோரையும் கதைகேட்கும் மன்றத்துக்கு மீட்டுக் கொணர்ந்தது. தொலைபேசியில் அழைத்தால் கதை சொல்லும் சேவையொன்றையும் அந்நூலகம் நடத்திவருகிறது. அதில் தமிழும் ஒலிக்கிறது. இச்செல்வத்தின் பங்கு ஏரிக்கரை வழியே கிழக்கே ஒஷாவா வரையிலும் பாய வேண்டும் என்பது பேராசை ஆகாது.

குழந்தைகளின் கையில் இன்று கண்ணாடித்திரை இருக்கிறதே, அது ஓயாது ஆங்கிலக் கதை சொல்கிறதே, அது போதாதா என்று வினவும் பெற்றோர் பலர். பற்றீசியா குல்லும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்கு விடை கூறும். ஒன்பது மாதத்து அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் சீனமொழி கேட்பிக்கப்பட்டது. நேரில் அமர்ந்து விளையாடிப் பேசியவரிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிவேறுபாட்டை அறியும் திறம் பெற்றன. அதே பேச்சைத் திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை பெறவில்லை. நான்கு வயதுப் பிள்ளை ஒன்பது மாதத்துச் சிசு அன்று என்பதும், திரையிலிருந்தும் வளர்ந்த பிள்ளை சில சொற்களைப் பொறுக்கும் என்பதும் உண்மையே. எனினும் திரை, கேட்போர் முகத்தைப் பார்த்துத் தன் கதையை நிறுத்துவதில்லை. விளங்காத இடத்தில் திரும்பிச் சொல்வதில்லை. ஊம் கொட்டாத பிள்ளையிடம் உறங்கிவிட்டாயா என்று கேட்பதுமில்லை.

இனி, பெற்றோர் கடமை. இதனைச் சற்று வன்மையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் ஆங்கிலம் தடுமாறும் என்று அஞ்சி, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, தமக்கே முழுதும் வசப்படாத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசும் பெற்றோர் நம்மிடையே பெருகிவருகின்றனர். அவர்தம் அச்சம் நமக்குப் புரிகிறது. அவர்தம் முடிவு தவறானது. ஒரு மொழியில் ஊன்றிய பொருளறிவும் கருத்தறிவும் மற்றொரு மொழிக்குத் துணையாய் வந்துசேரும் என்பதை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஜிம் கமின்ஸ் 1979 முதலே எடுத்துரைத்து வருகிறார். விளையாட்டிடத்தில் பேசும் ஆங்கிலம் ஏறத்தாழ ஈராண்டில் கைவரும் என்றும், பாடநூலின் ஆங்கிலத்தில் உடன்பயில்வோரை எட்டுவதற்கு ஐந்தாண்டும் அதற்கு மேலும் செல்லும் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். அத்துணை நீண்ட காலம் குழந்தையின் சிந்தனை பட்டினி கிடக்கலாகாது; தாய்மொழிக் கதையே அதற்கு அன்னம். காரணமும் விளைவும், வஞ்சமும் நன்றியும், முன்னும் பின்னும் ஆகிய இவையனைத்தையும் தமிழில் கேட்டறிந்த குழந்தை, ஆங்கிலத்தில் அவற்றுக்குரிய ஒலிகளை மட்டுமே புதிதாய்க் கற்க வேண்டியிருக்கும். அரைகுறை ஆங்கிலத்தில் வளர்க்கப்பட்ட குழந்தையோ இரண்டையும் ஒருங்கே தேட வேண்டியிருக்கும்.

முதியோர் மொழியிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்தால் விளைவது யாது என்பதற்கு இந்நாட்டு வரலாறே சான்று பகரும். முதற்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பறித்து, தாய்மொழி பேசியமைக்குத் தண்டித்த வதிவிடப் பள்ளிகளுள் இறுதியானவை 1990களில்தான் மூடப்பட்டன. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் தன் இறுதி அறிக்கையில் அக்கொடுமையைப் பதிந்து வைத்தது. அவர்களிடமிருந்து தாய்மொழி வன்முறையால் பறிக்கப்பட்டது. நாமோ எவரும் கேளாமலே கையளிக்கிறோம். இரண்டையும் ஒப்பிடுவது அவர்கள் துயரைச் சிறுமைப்படுத்துவதாகும், எனவே ஒப்பிடவில்லை. ஆயினும் இவ்வேரிக்கரையின் பழங்குடியினரான அனிசினாபே மக்கள், சில கதைகளை நிலத்தில் பனி மூடியிருக்கும் காலத்தில் மட்டுமே சொல்லும் வழக்கத்தை இன்றும் பேணிவருவதை அறியும்போது, அதே பனிக்காலத்தில் ஒஷாவாவின் வீடுகளுக்குள் அடைந்திருக்கும் நம் பாட்டன் பாட்டியரை நினைக்கிறோம். 2011 இறுதியில் அறிமுகமான சூப்பர் விசாவில் வந்து, வெளியே செல்ல வகையின்றி, சாளரத்தருகே நாளைக் கழிக்கும் அவர்களிடம் கதைகள் உள்ளன. கேட்கும் பிள்ளை அடுத்த அறையில் இருக்கிறது. இடையே உள்ள கதவைத் திறப்பதற்கு எக்கல்விச்சபையின் ஒப்புதலும் வேண்டியதில்லை.

தனிப்பயிற்சி நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். நான்கு வயதுப் பிள்ளையை மேசையில் அமர்த்தி எழுத்துத் தாள்களை நிரப்புவிக்கும் நிலையங்களுக்கு நம் சமூகம் செலவிடும் பணம் சிறிதன்று. முன்னேற்றத்தைக் கண்ணால் காண விழையும் பெற்றோருக்கு நிரம்பிய தாள் நிறைவளிக்கிறது. கேட்டல் திறன் தாளில் தெரியாது. அதனால் அதற்கு விலையும் இல்லை, விற்போரும் இல்லை.

பள்ளிகளிடம் நாம் வேண்டுவன மிகையானவை அல்ல. மழலையர் வகுப்பிலும் அடுத்த ஈராண்டுகளிலும், எழுத்தொலிப் பாடத்துக்குரிய நேரத்தை ஒரு நொடியும் குறைக்காமல், நாள்தோறும் கால்மணி நேரமேனும் ஆசிரியர் கதை சொல்வதற்கெனத் தனித்து ஒதுக்கப்பட வேண்டும். அவ்வேளையைப் பிற பாடங்கள் கவர்ந்துகொள்ளாதவாறு காக்கும் பொறுப்பு அதிபருடையது. ஒரே கதை ஒரு வாரத்தில் பலமுறை வர வேண்டும்; முதல் முறை கேட்பதற்கும், அடுத்த முறை தொடர்ந்து சொல்வதற்கும், பின்னர் நடித்துக் காட்டுவதற்கும் இடம் இருக்க வேண்டும். பேசாத குழந்தை கையசைத்தோ படத்தைத் தொட்டோ விடையிறுக்கலாம் என்னும் தளர்வு வேண்டும். கதை சொல்வது எல்லா ஆசிரியருக்கும் இயல்பாய் வாய்ப்பதன்று என்பது உண்மை. ஆகவே அதற்குப் பயிற்சி வேண்டும். பயிற்சி தருதற்குரிய கதைசொல்லிகள் ரொறன்ரோவிலேயே உள்ளனர்.

இவற்றுள் செலவு மிகக் குறைந்ததும் பயன் மிகுந்ததுமான ஒன்றை, டுறம் பிராந்தியத்தின் அரச, கத்தோலிக்கக் கல்விச்சபைகள் இரண்டுக்கும் தனித்து முன்வைக்கிறோம். அடுத்த மாதம் வகுப்பில் சொல்லப்படவிருக்கும் கதைகள் எவை என்பதை ஒரு பக்க அளவில், கதைச் சுருக்கத்தோடு, முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். அப்பக்கத்தைத் தமிழாக்கித் தரும் பணியை நம் சங்கங்களும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பாசிரியர்களும் ஊதியமின்றி ஏற்க முடியும். ஏற்பர் என்றே நம்புகிறோம். வீட்டில் அம்மம்மா அக்கதையைத் தமிழில் சொல்லிவிட்டால், திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் தொடங்கும்போது, ஓநாய் வரப்போகிறது என்பது குழந்தைக்கு முன்னரே தெரிந்திருக்கும். என்ன நேர்கிறது என்று தேடுவதில் செலவாகும் கவனம் முழுவதும், அது எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதைக் கேட்பதில் செல்லும். வகுப்பில் பிறர் திகைக்கும் இடத்தில் தமிழ்ப் பிள்ளை சிரிக்கும். தனக்கு இது தெரியும் என்னும் பெருமிதம், வாய் திறப்பதற்கு வேண்டிய துணிவையும் தரக்கூடும். மறுதலையாக, மாதத்துக்கு ஒரு கதை நம்மிடமிருந்து பள்ளிக்குச் செல்லட்டும். வடை சுட்ட பாட்டியின் கதையை ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்ல, தமிழறியாத பிள்ளைகளும் கேட்கட்டும்.

ஒஷாவாப் பொது நூலகத்தின் கிளைகளிலும் இதே பக்கத்தை வைக்கலாம். கதைநேரத்துக்கு வரும் பெற்றோர் எடுத்துச் செல்வர். அரபு, உருது, தாரி முதலிய மொழிகள் பேசும் குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றன. தமிழில் தொடங்கிய முயற்சி அவர்தம் மொழிகளுக்கும் விரிவதே முறை. புதிய கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்குகிறது. முதல் மாதத்துக்குரிய கதைப்பக்கம் பள்ளி விடுமுறை தொடங்கும் முன்னரே, ஜூன் மாத இறுதிக்குள், பெற்றோர் கைக்கு வந்து சேர்ந்தால், கோடை முழுவதும் வீடுகளுக்கு அவகாசம் இருக்கும்.